பாட்டியின் காதைப் பார்த்திருக்கிறீர்களா?



இன்று முதலில் ஒரு சின்ன விளையாட்டு. இந்தப் பத்தியைப் படித்து முடித்ததும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டியின் முகத்தை, பாட்டி இல்லையென்றால் அம்மாவின் முகத்தை, மனதுக்குள் கொண்டு வாருங்கள். வந்துவிட்டதா? இப்போது என் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். மூக்குத்தி எந்தப் பக்கம்? நெற்றியில் எத்தனை சுருக்கம்? இரண்டு புருவமும் ஒரே மாதிரி இருக்குமா? காது எப்படி இருக்கும்?

என்ன, முழிக்கிறீர்களா? வெட்கப்பட வேண்டாம். தினமும் நூறு தடவை பார்க்கும் முகம்தான். ஆனால் பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு. நானும் உங்களை மாதிரி முழித்தவன்தான். அதை எனக்குப் புரிய வைத்தவன் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். அந்தக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1984ஆம் ஆண்டு. தெற்கத்திச் சீமையில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். நான் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூட வாசலில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் ஒரு பாட்டி ஓலைப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். அவித்த கடலை, நாவல்பழம், மாங்காய்க் கீற்று என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒன்று விற்பார். நானும் தினமும் சாயங்காலம் 25 பைசாவுக்குக் கடலை வாங்குவேன். "ஐயாவுக்கு ஒரு கை கூட" என்று சிரித்துக்கொண்டே அள்ளிப் போடுவார்.

அந்தப் பாட்டியின் பேரன் என் வகுப்பில் படித்தான். கணக்கு என்றால் அவனுக்கு எட்டிக்காய். ஒரு நாள் நான் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அவன் குனிந்த தலை நிமிரவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஏதோ முகம் வரைந்துகொண்டிருந்தான்! எனக்கு வந்ததே கோபம். யாருடைய முகம் என்றுகூடப் பார்க்கவில்லை. அந்தத் தாளைச் சர்ரென்று கிழித்தேன். இரண்டாக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். "படம் போட்டால் சோறு கிடைக்குமா?" என்று ஒரு திட்டும் கொடுத்தேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. மணி அடித்ததும் கூடையில் இருந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். நானும் அதை அப்போதே மறந்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து, பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது வேப்பமரத்தடி காலியாக இருந்தது. பாட்டி இறந்துவிட்டார். துக்கம் விசாரிக்க நானும் இன்னொரு ஆசிரியரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். சின்ன ஓட்டு வீடு. சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம். அதற்கு மாலை.

அது பென்சிலில் வரைந்த படம். கோடு போட்ட நோட்டுத் தாள். நெற்றியிலிருந்து கன்னம் வரை குறுக்கே ஒரு கிழிசல். சோற்றுப் பருக்கையைத் தடவி, இரண்டு துண்டையும் சேர்த்து ஒட்டியிருந்தார்கள்.

"எங்க அத்தையை ஒரு போட்டோகூடப் பிடிச்சது இல்லை சார். இவன் போட்ட இந்தப் படம் ஒண்ணுதான் இருக்கு. எப்படியோ கிழிஞ்சுபோச்சு" என்றார் பையனின் அம்மா.

பையன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்தான். 'இந்த சார்தான் கிழித்தார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை!

நான் அந்தப் படத்தையே பார்த்தேன். பாட்டியின் இரண்டு காதுகளும் தோள் வரை தொங்கின. பாம்படம் போட்டு வளர்த்த காதுகள். ஆனால் அவற்றில் பாம்படம் இல்லை. வெறும் காதுகள். இரண்டு வருடமாகத் தினமும் அவர் கையால் கடலை வாங்கித் தின்றவன் நான். அந்தக் காதுகளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். விசாரித்தேன். மகனுக்கு வைத்தியம் பார்ப்பதற்காகப் பாட்டி பாம்படத்தை விற்றுவிட்டாராம். அதற்குப் பிறகுதான் ஓலைப்பெட்டியைத் தூக்கினாராம்.

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு டிராயிங் நோட்டும் இரண்டு பென்சிலும் வாங்கிக் கொடுத்தேன். "இனிமேல் கணக்கு நேரத்தில் மட்டும் வேண்டாம்ப்பா" என்றேன். சிரித்தான்.

அவர் பெரிய ஓவியர் ஆகிவிட்டார் என்று நான் முடிப்பேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? இல்லை. மோட்டார் பம்ப் ரிப்பேர் செய்யும் கடை வைத்திருக்கிறார். இப்போது அவருக்கே பேரன் இருக்கிறான். போன வருடம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அதே படம் சுவரில் இருக்கிறது. தாள் பழுத்து மஞ்சளாகிவிட்டது. கிழிசலும் தெரிகிறது. ஆனால் பென்சில் கோடு மட்டும் கொஞ்சமும் மங்கவில்லை!

ஏன் மங்கவில்லை, தெரியுமா?

பென்சிலின் உள்ளே இருக்கும் கறுப்புக் குச்சியைப் பலர் ஈயம் என்று நினைக்கிறார்கள். அதில் ஈயம் துளிகூட இல்லை. அது கிராஃபைட். சுத்தமான கரி. விலை உயர்ந்த வைரம் இருக்கிறதே, அதுவும் கரிதான்! இரண்டிலும் இருப்பவை ஒரே அணுக்கள். அவை அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. வைரத்தில் அணுக்கள் எல்லாப் பக்கமும் இறுக்கமாகக் கை கோத்து நிற்கின்றன. கிராஃபைட்டில் அப்பள அடுக்கு மாதிரி அடுக்கடுக்காக இருக்கின்றன. நீங்கள் தாளில் தேய்க்கும்போது அந்த அடுக்குகள் வழுக்கிக்கொண்டு வந்து தாளில் ஒட்டிக்கொள்கின்றன. அதுதான் நீங்கள் பார்க்கும் கோடு. வெயில் பட்டாலும் அந்தக் கரி வெளுக்காது.

சரி, ஈயம் என்று ஏன் பெயர் வந்தது? 1500களில் இங்கிலாந்தின் வடக்கே போரோடேல் என்ற மலைப் பள்ளத்தாக்கில் சுத்தமான கிராஃபைட் கிடைத்தது. அந்த ஊர் ஆட்டிடையர்கள் தங்கள் ஆடுகளுக்கு அடையாளக் கோடு போட அதைப் பயன்படுத்தினார்கள். அது ஒருவகை ஈயம் என்றே அந்தக் காலத்தில் நினைத்தார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது!

1793இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் சண்டை மூண்டது. பிரான்சுக்கு நல்ல கிராஃபைட் வருவது நின்றுபோனது. பென்சிலுக்குத் தட்டுப்பாடு. அப்போது கோன்ட்டே என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். கிராஃபைட் பொடியோடு களிமண்ணைக் குழைத்து, குச்சியாக்கி, சூளையில் சுட்டார். 1795இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இன்று உங்கள் பாக்ஸில் இருக்கும் பென்சிலும் அதே முறையில் செய்ததுதான்.

களிமண் அதிகமானால் பென்சில் கெட்டியாகும். கோடு வெளிறித் தெரியும். அதுதான் 'ஹெச்' வகை. கிராஃபைட் அதிகமானால் மெதுவாகும். கோடு கறுப்பாக விழும். அதுதான் 'பி' வகை. நடுவில் இருப்பது நம்ம 'ஹெச்பி'.

இந்தப் பென்சில் வருவதற்கு முன்பே ஒரு பையன் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஜெர்மனியில் நூரம்பெர்க் என்ற ஊர். அங்கே ஒரு பொற்கொல்லர். அவர் மகன் ஆல்பிரெக்ட் டியூரர். 1484ஆம் ஆண்டு அவனுக்கு வயது 13. அதாவது, எங்கள் கடலைப் பாட்டியின் பேரன் படம் போட்டதற்குச் சரியாக 500 ஆண்டுகளுக்கு முன்னால்!

அந்தப் பையன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தன் முகத்தைத் தானே வரைந்தான். எதனால் தெரியுமா? வெள்ளிக் கம்பியால்! பூச்சு பூசிய தாளில் வெள்ளி முனையால் கோடு போடுவது அந்தக் கால முறை. அதில் ஒரு சங்கடம் உண்டு. போட்ட கோட்டை ரப்பர் வைத்து அழிக்க முடியாது. ஒவ்வொரு கோட்டையும் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். 13 வயதுப் பையன் அதைச் செய்தான். அந்தப் படம் இன்றும் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில், ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

டியூரர் வளர்ந்து பெரிய ஓவியரானார். மன்னருக்கே படம் வரைந்தார். ஆனால் எனக்கு அவருடைய படங்களில் மிகவும் பிடித்தது எது தெரியுமா? 1514இல் கரித்துண்டால் அவர் வரைந்த அவருடைய அம்மாவின் முகம். அந்த அம்மா 18 குழந்தைகளைப் பெற்றவர். அவர்களில் மூன்று பேர்தான் பெரியவர்களாகும் வரை பிழைத்தார்கள். எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்! டியூரர் அதை மறைக்கவில்லை. ஒட்டிய கன்னம், எலும்பு தெரியும் கழுத்து, நெற்றிச் சுருக்கம் எல்லாவற்றையும் அப்படியே வரைந்தார். இது என் அம்மா, வயது 63 என்று மேலே எழுதி வைத்தார். இரண்டே மாதத்தில் அம்மா இறந்துவிட்டார். டியூரர் அந்தப் படத்தை எடுத்து, இறந்த நாளையும் மையினால் அதில் எழுதினார்.

எங்கேயோ இருக்கும் ஜெர்மனி. எங்கேயோ இருக்கும் எங்கள் கிராமம். ஆனால் இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம்தான், இல்லையா?

பென்சில் படம்தானே என்று அலட்சியமாக நினைத்தவன் நான் மட்டும் இல்லை. பெரிய ஓவியர் ஒருவரும் அப்படி நினைத்திருக்கிறார்! பிரான்ஸ் நாட்டுக்காரர். பெயர் ஆங்கர். 1806இல் இத்தாலியின் ரோம் நகருக்குப் போனார். பெரிய பெரிய சரித்திரக் காட்சிகளை வண்ணத்தில் தீட்டிப் புகழ் பெற வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் நெப்போலியன் 1815இல் வீழ்ந்ததும், ரோமில் அவருக்கு வேலை கொடுத்து வந்தவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். பிழைப்புக்கு என்ன செய்வது? ரோமைச் சுற்றிப் பார்க்க வரும் பயணிகளைப் பென்சிலால் வரைந்து கொடுத்தார். அப்படிக் காசு சம்பாதிப்பது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒரு நாள் யாரோ கதவைத் தட்டி, முகம் வரைந்து கொடுப்பவர் வீடு இதுதானா என்று கேட்டார்களாம். இல்லை, இங்கே ஓவியர்தான் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டார் என்று ஒரு கதை உண்டு!

ஆனால் இன்று என்ன ஆயிற்று? அந்தப் பென்சில் முகங்களை அவருடைய மிகச் சிறந்த படைப்புகளோடு வைத்துக் கொண்டாடுகிறார்கள். 1819இல் பகனினி என்ற வயலின் மேதையை அவர் பென்சிலால் வரைந்த படம் பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சின்ன வேலை என்று அவர் நினைத்த வேலைதான் பெரிய வேலையாக நின்றது.

"சார், இப்போதுதான் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே! ஒரு தட்டுத் தட்டினால் போட்டோ. பிறகு எதற்குப் பென்சில்?" என்று உங்களில் ஒரு குறும்பர் கேட்பது என் காதில் விழுகிறது. நல்ல கேள்வி!

போட்டோ எடுங்கள். தப்பே இல்லை. எங்கள் கடலைப் பாட்டிக்கு ஒரு போட்டோ இருந்திருந்தால் அந்த வீட்டில் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்! ஆனால் ஒன்று. போட்டோ எடுக்கும்போது பார்ப்பது கேமரா. நாம் இல்லை. கண் இமைப்பதற்குள் வேலை முடிந்துவிடும். நாமும் எழுந்து போய்விடுவோம். பென்சிலால் வரைந்தால் அப்படிப் போக முடியாது. ஒரு மணி நேரமாவது பாட்டிக்கு எதிரே உட்கார வேண்டும். பாட்டியின் கண்ணை, கன்னத்தை, காதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் பாட்டி மெதுவாகப் பேச ஆரம்பிப்பார். "இந்தத் தழும்பு எப்படி வந்தது பாட்டி?" என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் சின்ன வயதில் மரம் ஏறி விழுந்த கதை வெளியே வரும். உங்கள் அப்பாவுக்கே தெரியாத கதையாகவும் இருக்கும்!

படம் நன்றாக வராவிட்டாலும் அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. பாட்டிக்கும் கிடைத்துவிட்டது.

சரி, எப்படி வரைவது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. கண்ணாடி முன்னால் நேராக நின்று ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சோப்புத் துண்டால், கண்ணாடியில் தெரியும் உங்கள் முகத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். தலையை ஆட்டக் கூடாது! பிறகு அந்தக் கோட்டின் உயரத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். உங்கள் முகத்தின் உயரத்தில் பாதிதான் இருக்கும்! தினமும் கண்ணாடி பார்க்கிறோம். அங்கே தெரியும் முகம் பாதி அளவுதான் என்பது நமக்குத் தெரிவதே இல்லை. 'எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்' என்று மூளை நம்மை அவசரப்படுத்தும். படம் வரைபவர் மூளையை நம்பக் கூடாது. கண்ணை நம்ப வேண்டும். (சோதனை முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்து வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அம்மாவிடம் எனக்கும் சேர்த்துத் திட்டு விழும்!)

ஒரு ஹெச்பி, ஒரு 2பி, ஒரு 4பி பென்சில் போதும். இல்லையா? ஹெச்பி ஒன்றே போதும். ஜன்னல் ஓரமாகப் பாட்டியை உட்காரச் சொல்லுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழட்டும். அப்போதுதான் மூக்கும் கன்னமும் மேடு பள்ளமாகத் தெரியும்.

ஹெச்பியால் மெல்லிசாக ஒரு முட்டை வடிவம் போடுங்கள். அதற்குச் சரிபாதியில் குறுக்கே ஒரு கோடு. கண்கள் அங்கேதான் வரும்! நம்மில் பலரும் கண்ணை நெற்றிக்குக் கொண்டுபோய்விடுகிறோம். உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை அளந்து பாருங்கள், கண் நடுவில்தான் இருக்கும். இரண்டு கண்களுக்கும் இடையே இன்னொரு கண் வைக்கலாம், அவ்வளவு இடம் இருக்கும். காதின் மேல்பக்கம் புருவத்துக்கு நேராகவும், கீழ்ப்பக்கம் மூக்கின் அடிக்கு நேராகவும் வரும். ஆனால் வயதாக ஆகக் காது கொஞ்சம் நீளும். பாம்படம் போட்டு வளர்த்த காது என்றால் கேட்கவே வேண்டாம்! இந்தக் கணக்கெல்லாம் தொடங்குவதற்குத்தான். உங்கள் பாட்டியின் முகத்தில் எது இந்தக் கணக்குக்கு அடங்காமல் இருக்கிறதோ, அதுதான் உங்கள் பாட்டி!

மூக்கைக் கோடு போட்டு வரையாதீர்கள். அதன் பக்கத்தில் விழும் நிழலை வரையுங்கள், மூக்கு தானாக எழுந்து நிற்கும். கண்ணின் கருமணியில் ஒரு சின்னப் புள்ளியை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். கண்ணுக்கு உயிர் வந்துவிடும். முடியை ஒவ்வொன்றாக இழுக்க வேண்டாம். கறுப்பாக இருக்கும் பகுதி எது, பளபளக்கும் பகுதி எது என்று மட்டும் பாருங்கள். வரையும் கைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டால் படம் அழுக்காகாது.

மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். ஒன்று, யாரை வரைந்தாலும் அவர்களிடம் கேட்டுவிட்டு வரையுங்கள். இரண்டு, கேலி செய்வதற்காக ஒருவர் முகத்தை வரையாதீர்கள். மூன்று, கணக்கு வகுப்பில் வரையாதீர்கள்! அந்த நேரம் கணக்கு வாத்தியாருக்குச் சொந்தம். ஆனால் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இந்தக் கிழவன் ஒன்று சொல்வான். திட்டுங்கள், பரவாயில்லை. கிழித்துவிடாதீர்கள். கிழிப்பதற்கு முன்னால் அது யார் முகம் என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். டி.வி.யை நிறுத்துங்கள். செல்போனை அலமாரியில் வையுங்கள். தாத்தா, பாட்டி, அம்மா, பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்று யாராவது ஒருவர் முன்னால் பென்சிலோடு உட்காருங்கள். படம் கோணலாக வந்தாலும் கிழித்துப் போடாதீர்கள். டியூரர் செய்த மாதிரி கீழே அவர்கள் பெயர், வயது, தேதி எல்லாம் எழுதி, ஒரு ஃபைலில் பத்திரமாக வையுங்கள். அடுத்த மாதம் அவரையே இன்னொரு முறை வரையுங்கள். முதல் படத்தில் விட்டுப்போனது என்ன என்று அப்போது உங்களுக்கே தெரியும்.

எங்கள் வேப்பமரத்தடிப் பாட்டியிடம் நான் ஒரு நாள்கூட உட்கார்ந்து பேசவில்லை. 25 பைசாவை நீட்டுவேன், பொட்டலத்தை வாங்குவேன், போய்விடுவேன். அவர் முகத்தை எனக்குக் காட்டியது 12 வயதுப் பேரன் ஒருவனின் பென்சில்தான். அதையும் அவர் போன பிறகுதான் பார்த்தேன். நீங்கள் என்னை மாதிரி இருந்துவிடாதீர்கள் செல்லங்களே. வீட்டில் பாட்டி இருக்கும்போதே பாருங்கள்!

என்றும் அன்புடன்,
உங்கள் வாத்தியார் தாத்தா